உப்புத் தண்ணீர் மாதிரிதான் என்றார்கள்

சிமெண்ட் இல்லாத கான்கிரீட் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். "கொஞ்சம் ஊக்கமா எழுதுங்க பாய்" என்று போனில் சொன்னார்கள். ஊக்கமாக எழுத எனக்கு வராது. இந்த வேலையை நினைத்தால் எனக்கு வருவது கோபம்தான். அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

என் ஊர் கோட்டக்குப்பம். எங்கள் தெருவில் பாதி ஆண்களைப் போல நானும் வளைகுடாவுக்குப் போனவன். அங்கே ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளாண்டில் தரக் கட்டுப்பாடு என் வேலை. கடலோரக் கட்டடம் என்றால் சிமெண்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு இரும்பாலைக் கசடின் பொடியைப் போடுவது அங்கே சாதாரணம். ஊர் திரும்பிய பிறகும் இதையே பிடித்துக்கொண்டேன். கடைசியாகப் பார்த்த வேலை மரக்காணம் உப்பளத்தில். அதோடு ஓய்வு பெற்றுவிட்டதாக எல்லோரிடமும் சொல்கிறேன். வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது இன்னும் சரியாக இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வெளியார் யாராவது படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல், இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடின் பொடி, இந்த இரண்டும்தான் நம் சரக்கு. வெறும் தண்ணீர் ஊற்றினால் இது சரியாகப் பிடிக்காது. காஸ்டிக் சோடாவும் சிலிக்கேட்டும் கலந்த ஒரு கரைசலை ஊற்ற வேண்டும். அதை ஊற்றினால் கல்லாகிவிடும். உப்புக் காற்று, உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சிமெண்டைவிட நன்றாகத் தாங்கும். நல்ல சரக்கு. அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

ஆனால் அந்தக் கரைசல் மனிதத் தோலைத் தின்னும். நம் கூட்டங்களில் மேடை ஏறுகிறவர்கள் சிமெண்ட் ஆலைப் புகையைப் பற்றிப் பேசுகிறார்கள், பூமி சூடாவதைப் பற்றிப் பேசுகிறார்கள், படம் போட்டுக் காட்டுகிறார்கள். கரைசலைக் கையில் எடுக்கும் ஆளைப் பற்றி ஒரு படம்கூட நான் பார்த்ததில்லை. பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவர்களுக்குப் பூமியின் மேல் நிற்கிற ஒருத்தியின் கை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மரக்காணம் உப்பளத்தை நீங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்திருப்பீர்கள். இறங்கி நடந்து பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் நிழல் கிடையாது. வேலை செய்யும் பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. காலையில் வந்தால் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். முன்பு யாரோ ஒரு கொட்டகை கட்டினார்கள். சிமெண்ட் தூண். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து, தூண் வெடித்து, ஓடு விழுந்து, அதையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதே இடத்தில் நம் சரக்கை வைத்து ஓய்வுக் கூடமும் கழிப்பறையும் கட்டித் தருவதாக ஒரு கம்பெனி முன்வந்தது. நல்ல காரியம். நானும் சந்தோஷமாகத்தான் போனேன்.

உப்பு வாரும் சீசன் முடிந்து மழை இன்னும் தொடங்காத இடைவெளியில் வேலை ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டும். கையாட்களாக அதே உப்பளத்துப் பெண்களையே எடுத்தோம். அவர்களில் ஒருத்தி அஞ்சலை. பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயது. அவள் பேச்சுக்கு மற்ற பெண்களிடம் ஒரு மதிப்பு இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. பாத்தியில் தண்ணீர் உப்பாக இறங்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்குக் கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு. அது முதலாளியின் வீட்டு அலமாரியில் இருக்கும். வரப்பில் நிற்கிறவர்கள் தண்ணீரில் விரலை விட்டு எடுப்பார்கள், கட்டை விரலோடு சேர்த்துத் தேய்ப்பார்கள், நுனி நாக்கில் வைப்பார்கள். பக்குவமான தண்ணீர் விரலில் எண்ணெய் மாதிரி வழுக்கும். அஞ்சலை தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சோறு வெந்துவிட்டதா என்று நாம் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது மாதிரி, யோசிக்காமல் செய்யும் காரியம் அது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேஸ்திரி ஏழுமலை செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை நல்ல வேலைக்காரர். அடித்தளம் போட்ட நாளில் நான் மணல் லாரியைப் பார்க்க ரோட்டுப் பக்கம் போயிருந்தேன். அந்த நேரத்தில் மனிதர் தன் வண்டியில் கொண்டுவந்த சிமெண்ட் மூட்டையைப் பிரித்து மிக்சரில் கொட்டிவிட்டார். நம் சரக்கில் சிமெண்ட் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நான் திரும்பி வருவதற்குள் கலவை மிக்சருக்குள்ளேயே இறுகிவிட்டது. அப்புறம் உளியும் சுத்தியலும் வைத்து உடைத்தோம். காது செவிடாகும் சத்தம்.

"ஏன் மேஸ்திரி இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம பொம்பளைங்க உக்கார்ற எடம் பாய். சிமிட்டி இல்லாம எப்பிடி நிக்கும்? நாளைக்கு எவ தலைமேலயாவது உழுந்தா என்னத்தானே கேப்பாங்க. அதான் நம்ம கைக்காசுல ஒரு மூட்ட வாங்கிப் போட்டேன்."

திருட்டு இல்லை, சோம்பல் இல்லை. பாசத்தில் செய்த வேலை. புராஜெக்ட் மேனேஜர் அவரைப் பத்துப் பேர் முன்னால் வைத்துத் திட்டினார். அறிவு இருக்கிறதா என்று கேட்டார். நான் மேனேஜரிடம் ஒன்றுதான் கேட்டேன். சிமெண்ட் வேண்டாம் என்று அவரிடம் சொன்னீர்களே, அதற்குப் பதிலாக எது பிடித்து நிறுத்துகிறது என்று சொன்னீர்களா? சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கினால், விழுங்கிய பாதியை அந்த ஆள் தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்வார். ஏழுமலைக்குத் தெரிந்தது சிமெண்ட். அதைப் போட்டார். இதில் யாருடைய அறிவைக் கேள்வி கேட்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்றைக்கே எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. மறுநாள் கறிக்கடையில் கொஞ்சம் கோழித்தோல் வாங்கிப் போனேன். ஒரு மக்கில் கரைசலை எடுத்து, இடுக்கியால் தோலை அதில் போட்டு எல்லோருக்கும் நடுவில் வைத்தேன். வேலை முடிந்து போகிற நேரத்தில் இடுக்கியால் தூக்கினேன். தோல் இல்லை, சளி மாதிரி ஏதோ ஒழுகியது. "இதாம்மா இந்தத் தண்ணி. கையில பட்டா ஒடனே எரியாது. சோப்பு மாதிரி வழுக்கும். வழுக்குச்சுன்னா அப்பவே தோல் போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். பட்ட ஒடனே தண்ணியில நிறைய நேரம் கழுவணும்" என்றேன். முகங்கள் வெளுத்துப்போயின.

அஞ்சலை அன்று வரவில்லை. இரும்பை கிராமத்தில் அவள் மகளுக்கு வளைகாப்பு. போயிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் சைட்டுக்கு வந்தால் ஏழுமலையும் அவருடைய ஆட்கள் சிலரும் மட்டும் நிற்கிறார்கள். பெண்கள் ஒருவரும் வரவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"பாய், சேஃப்டி கிளாஸ் எடுத்தீங்களா, பேய்க் கதை சொன்னீங்களா?"

"உள்ளதச் சொன்னேன் சார். முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ், கண்ணாடி, பூட்ஸ் வாங்கிக் குடுங்க. நான் போய்க் கூப்பிடறேன், வருவாங்க."

"எல்லாருக்குமா? வெளையாடறீங்களா? அவங்க கையெல்லாம் உப்புல காஞ்சு மரமா கெடக்குது. அதுக்கு எதுக்கு கிளவுஸ்?"

இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உப்பில் வெடித்த கை என்றால் ஏற்கனவே திறந்து கிடக்கிற கை. நல்ல தோலைவிட அதில் கரைசல் வேகமாக உள்ளே போகும். படித்த மனிதர், டிகிரி வாங்கியவர், இது தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றாததால் சொன்னார். அப்படிப்பட்டவர்களை நீங்களும் பார்ப்பீர்கள். பார்த்தால் அந்த இடத்திலேயே சண்டை போடுங்கள்.

நான் போட்ட சண்டையில் இரண்டு செட் கிளவுஸும் கண்ணாடியும் கிடைத்தன. அதை ஏழுமலையின் ஆட்கள் இரண்டு பேருக்குக் கொடுத்து, கரைசல் டிரம்மை இவர்களைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மேனேஜரும் தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டு அவர் நேராக அஞ்சலையின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"கோழித்தோலு கதையெல்லாம் பாய் சும்மா பயமுறுத்தறதுக்குப் பண்ணதும்மா. ஒண்ணுமில்ல, உங்க உப்புத் தண்ணி மாதிரிதான் அதுவும். கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கும், அவ்ளோதான். நீங்க பாக்காத உப்பா? மழைக்கு முன்ன கூரை போடலன்னா கம்பெனி வேலையவே நிறுத்திடும். அப்பறம் உங்களுக்குத்தான் நஷ்டம்."

அஞ்சலைக்கு அந்தக் கூடம் வேண்டும். கழிப்பறை வேண்டும். தனக்கு மட்டுமில்லை, உடம்பு சரியில்லாமல் வந்து வெயிலில் நிற்கிற சின்னப் பெண்களுக்கும் வேண்டும். அன்று சாயங்காலம் அவள் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறாள். எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

தூணும் சுவரும் எழும்பின. கூரை போட்ட நாளைப் பற்றி இனிமேல் சொல்கிறேன்.

காலையிலேயே வெயில் சுட்டது. கசடுப் பொடி சேர்ந்த கலவை வெயிலில் சீக்கிரம் இறுகும், அதனால் நான் ஏழுமலையோடு மேலே பலகையின் மேல் நின்றேன். பெண்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கலவையை மேலே ஏற்றினார்கள். பாதிக் கூரை முடிந்திருந்தது. கம்பெனியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்க்கிறார்கள் என்று ஏதோ ஏற்பாடு. அதற்காக மேனேஜர், கிளவுஸ் போட்ட இரண்டு பேரையும் கூப்பிட்டு, வாசலில் வரவேற்பு வளைவு கட்ட அனுப்பிவிட்டார். டிரம்மில் ஒட்டியிருந்த மண்டை ஓட்டுப் படம் பெண்களைப் பயமுறுத்துகிறது என்று, டிரம்களைத் திருப்பிப் படம் சுவரைப் பார்க்கும்படி வைக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு மேலே இருந்து எதுவும் தெரியவில்லை. பிறகு கீழே நின்ற பெண்களிடம், "மக்குல மொண்டு மிக்சர்ல ஊத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டு வளைவைப் பார்க்கப் போய்விட்டார்.

பெண்கள் தயங்கினார்கள். கோழித்தோலைப் பார்த்தவர்கள் அல்லவா. ஒருத்தி சொல்லியிருக்கிறாள், "அஞ்சல, நீ பாத்துச் சொல்லு."

அஞ்சலை போனாள். டிரம்முக்குள் விரல்களை விட்டாள். எடுத்துக் கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தாள். "வழவழன்னுதான்டி இருக்குது. நல்லா ஏறின தண்ணி" என்றாள். நுனி நாக்கில் வைத்தாள்.

அவள் மறு கையிலிருந்த மக் கீழே விழுந்த சத்தம் எனக்கு மேலே கேட்டது. அப்புறம் பெண்களின் கூச்சல். அஞ்சலை கத்தவே இல்லை. நான் ஏணியில் இறங்கி ஓடும்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். துப்பிக்கொண்டே இருந்தாள். கையைச் சேலையில் துடைத்திருக்கிறாள், சேலை நனைந்து தொடையிலும் பட்டிருக்கிறது.

உப்பளத்தில் நல்ல தண்ணீர் கிடைக்காது. தோண்டினால் உப்பு, வாய்க்காலில் உப்பு. நாங்கள் டவுனிலிருந்து லாரியில் கொண்டுவந்து பிளாஸ்டிக் டேங்கில் நிரப்பியிருந்ததுதான் அந்த வட்டாரத்திலேயே இருந்த நல்ல தண்ணீர். குடிப்பதற்கும் அதுதான், மிச்சக் கலவைக்கும் மிக்சரைக் கழுவுவதற்கும் அதுதான். அஞ்சலையைக் கைத்தாங்கலாகப் பிடித்து டேங்க் பக்கம் இழுத்துப்போனேன். மேனேஜர் ஓடிவந்தார்.

"எலுமிச்சம்பழம் தேய்ங்க பாய். காரத்துக்கு ஆசிட். நியூட்ரல் ஆயிடும். யாராவது ஓடிப்போய் டீக்கடையில வாங்கிட்டு வாங்க."

பள்ளிக்கூடத்துப் பாடம் அவர் வாயிலிருந்து அப்படியே வந்தது. வெந்த புண்ணில் புளிப்பைத் தேய்த்தால் இன்னும் சூடேறும், கடைக்குப் போய் வருகிற நேரத்தில் காரம் எலும்பைத் தேடிப் போயிருக்கும். "ஒருத்தரும் எங்கயும் போவாதீங்க. தண்ணி, வெறும் தண்ணி" என்று சொல்லிக் குழாயைத் திறந்தேன்.

"அய்யோ பாய், பாதிக் கூரை நிக்குது. தண்ணி போச்சுன்னா மிக்சரும் போச்சு, கூரையும் போச்சு. ஒரு பக்கெட் எடுத்துக்கங்க, போதும்."

ஒரு பக்கெட். கட்டடத்துக்கு ஒரு டேங்க், அந்தக் கட்டடத்தை யாருக்காகக் கட்டுகிறோமோ அவளுக்கு ஒரு பக்கெட். அந்த நேரத்தில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை, எழுதக்கூடியதாகவும் இருந்திருக்காது. கூரையை உடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. குழாயை முழுக்கத் திறந்து அவளை அடியில் உட்கார வைத்தேன். கையைக் காட்டச் சொன்னேன். வாயில் வாங்கி வாங்கித் துப்பச் சொன்னேன், விழுங்காதே விழுங்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெண்கள் சுற்றி நின்று சேலையை மறைப்பாகப் பிடித்து அவள் உடம்பிலிருந்த துணியை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

மேனேஜர் குழாயை மூட வந்தார். மேலே இருந்த ஏழுமலை கரண்டியைப் போட்டுவிட்டு இறங்கி வந்து குழாய் முன்னால் நின்றார். அடித்தளம் போட்ட நாளில் பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கிய மனிதர்.

"நீங்க அந்தாண்ட போங்க சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் போய்விட்டார்.

டேங்க் காலியாகும்வரை ஊற்றினோம். ஏழுமலை போன் போட்டுத் தண்ணி லாரியைத் திரும்ப வரவழைத்தார், அதிலும் ஊற்றினோம். பிறகு மினி வேனில் ஏற்றி மரக்காணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரம்மின் லேபிளை முன்பே என் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். டாக்டரிடம் அதைக் காட்டியதால் என்ன பட்டது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வரவில்லை. நீங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் டெக்னிக்கல் விஷயம் இது ஒன்றுதான். அங்கிருந்து அவளைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் சைட்டுக்குத் திரும்பினேன். மிக்சர் உள்ளே கல்லாகியிருந்தது. பாதிக் கூரை பாதியிலேயே நின்றது. வந்த பெரிய மனிதர்கள் வளைவு வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டார்களாம். மேனேஜர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"லேபர் மிஸ்டேக்தான் சார். டிரம்முல கைய விட்டு நக்கிப் பாத்திருக்குது அந்தம்மா. அத்தப் போயி யாராவது நக்கிப் பாப்பாங்களா? நாம என்ன சார் பண்ண முடியும்?"

நான் போனைப் பிடுங்கினேன். எதிர்முனையில் இருந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "உப்புத் தண்ணி மாதிரின்னு உப்பளத்துக்காரிகிட்ட சொல்லிட்டு, நக்கிப் பாத்தான்னு கேக்கறீங்களா? உப்புத் தண்ணிய அவங்க நக்கித்தான்யா பாப்பாங்க" என்று கத்தினேன். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆட்களை வைத்து, பாதிக் கூரையை உடைத்துவிட்டு, புதிதாகப் போட்டு முடித்தார்கள்.

இதற்குப் பிறகு நம் தொழிலில் இருக்கிற எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பலர் சிரிக்கிறார்கள். நக்கிப் பார்த்தாள் என்ற இடம் வந்ததும் சிரிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தலையை ஆட்டி, "இந்த லேபருங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் புரியாது பாய்" என்கிறார்கள். அவளுக்குப் புரியாமல் போகவில்லை. சொன்னது அப்படியே புரிந்தது. உப்புத் தண்ணீர் என்றார்கள், உப்புத் தண்ணீரை என்ன செய்வாளோ அதைச் செய்தாள். அவளை நம்பி நின்ற பெண்களின் கையில் கொடுப்பதற்கு முன்னால் தன் கையில் பார்த்தாள். ஒரு நல்ல சூப்பர்வைசர் செய்ய வேண்டியது அதுதானே? அந்த மொத்த சைட்டிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒருத்தி அவள்தான், குற்றமும் அவள் தலையில்தான் விழுந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை என்று என்னிடம் சிலர் சொல்கிறார்கள். பயந்தவர்களைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாராம். இருக்கட்டும். ஆள் பயந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் தனக்குத் திட்டு விழும். அதற்காகச் சொன்ன ஆறுதல் அது. உங்களுக்கும் அந்த நாள் வரும். மழை வருகிற மாதிரி இருக்கும், பெரிய மனிதர்கள் வருவதாக இருக்கும், ஆட்கள் டிரம்மைப் பார்த்துத் தயங்கி நிற்பார்கள், "ஒண்ணும் ஆகாதும்மா" என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நிற்கும். அதை விழுங்குங்கள். தொண்டையில் சிக்கினாலும் விழுங்குங்கள். வேலை நின்றால் நிற்கட்டும். கிளவுஸ் வரட்டும், பிறகு கலக்கலாம். சாம்பலும் கசடும் எங்கும் ஓடிப்போகாது.

போன மாதம் பஸ் ஏறி மரக்காணம் போயிருந்தேன். கூடம் நன்றாகவே இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். உப்புக் காற்றில் அந்தத் தூண்களில் ஒரு கீறல் இல்லை. பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். வாசலில் கம்பெனியின் பெயர் போட்ட பலகை பளபளவென்று இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் உள்ளே நிழலில் உட்கார்ந்து தூக்குகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலையும் இருந்தாள். வலது கை விரல்களில் தோல் மெழுகு மாதிரி இழுத்துப் பிடித்திருந்தது, முழுசாக மடக்க வராது. வாரும் பலகையைப் பிடிக்க முடியாததால் இப்போது அவளுக்கு உப்புக் குவியலை ஓலை போட்டு மூடும் வேலை. தண்ணீர் பார்க்க அவளை யாரும் கூப்பிடுவதில்லை. நுனி நாக்கு செத்துவிட்டது.

"பாய், வாங்க, உக்காருங்க. எளச்சுப் போயிட்டீங்களே" என்றாள். பேச்சு கொஞ்சம் குழறியது. தூக்கு மூடியில் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி நீட்டினாள். வேண்டாம் என்றால் விட மாட்டாள். வாங்கிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு சரியா இருக்குதா பாய்?"

வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு உப்பு. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள், ஒருத்தி கண்ணைக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். எனக்கும் அதுதான் வாய் வரைக்கும் வந்தது. நல்லாருக்குதும்மா. எவ்வளவு சுலபமான வார்த்தை. பாவம், இந்த மனுஷி மனசு நோகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம் நானே திடுக்கிட்டுப் போனேன். அவள் வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லப்பட்டதும் இதே மாதிரி ஒரு வார்த்தைதான்.

"கரிக்குது அஞ்சல. ரொம்பக் கரிக்குது" என்றேன்.

அஞ்சலை தலையை ஆட்டிக்கொண்டாள். கோபமோ வருத்தமோ அவள் முகத்தில் தெரியவில்லை. மூடியை என் கையிலிருந்து வாங்கி, கொஞ்சம் வெறும் சோற்றை அதில் போட்டுப் பிசைந்து திரும்ப நீட்டினாள்.

"வூட்டுல எல்லாரும் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னே சொல்றாங்க பாய். யாராவது உள்ளதச் சொன்னாத்தானே நாளிக்கு நான் கம்மியா போட முடியும்" என்றாள்.